கிழங்கும் மீனும்: எட்டு மாதம், ஒன்பது கடை

ஜனவரியில் நாகர்கோவில் வடசேரியில் சாயா குடித்துக்கொண்டு நிற்கும்போது நாங்கள் நான்கு பேரும் பேசி முடிவெடுத்தது இது. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, இதுவரை ஏறாத ஒரு கடையில் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஆளுக்கு 300 ரூபாய் பொதுவில் போட வேண்டும். இடையில் ஒரு கடை கூடுதலாக ஏறியதில், ஆகஸ்ட் முடிந்தபோது ஒன்பது கடை ஆகியிருந்தது.

முதல் மூன்று மாதம் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று சுற்றினோம். பொரோட்டா, பீஃப் ரோஸ்ட், சிக்கன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினோம். வயிறு நிறைந்தது. ஆனால் நோட்டில் எழுத உட்கார்ந்தால் "நன்றாக இருந்தது" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. ஒரு கடையின் பொரோட்டாவையும் இன்னொரு கடையின் சிக்கனையும் எப்படி ஒப்பிடுவது? குலசேகரத்து நண்பன்தான் வழி சொன்னான்: "எல்லாக் கடையிலும் ஒரே சாமான் கேப்போம் மக்கா. கிழங்கும் மீனும்."

அதற்காக நேரத்தையும் மாற்ற வேண்டி வந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் போனால் கிழங்கு தீர்ந்திருக்கும், சட்டியில் மீன் இருக்காது, வெறும் சாறுதான் இருக்கும். ஏப்ரலிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கே போய்விடுகிறோம்.

நோட்டில் கிழங்கு, தேங்காய், புளி என்று மூன்று கட்டம் போட்டேன். கிழங்கில் பெரிய சிக்கல் எங்கும் இல்லை. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், அதிலுள்ள நச்சுத்தன்மை அந்தத் தண்ணீரோடு போகும். அதைச் சரியாகச் செய்த கடையில் கசப்பே தெரியாது. சிலர் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு மசிக்கிறார்கள், சிலர் உப்போடு நிறுத்துகிறார்கள். மீன்கறி காரமாக இருந்தால் உப்புக் கிழங்குதான் எனக்கு வேண்டும்.

புளிக் கட்டம்தான் எங்களை உட்கார வைத்தது. நாகர்கோவில் பக்கம் நாங்கள் சாப்பிட்ட கறிகளில் வாளன்புளி, அதாவது வழக்கமான புளி. கறி சிவந்து, நாக்கின் நுனியிலேயே புளிப்பு தெரியும். மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை நோக்கிப் போன இரண்டு கடைகளில் குடம்புளி. கறுத்த சுளை சட்டியில் கிடக்கும், புளிப்பு மெதுவாக, விழுங்கிய பிறகு தொண்டையில் வரும். மே மாதம் முட்டம் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் நெத்தோலி அவியல் கிடைத்தது. அவியல் என்றால் காய்கறி என்று நினைத்துப் பழகிய வெளியூர் நண்பர்களை அங்கே கூட்டிப்போக ஆசை. பச்சை மாங்காய்த் துண்டும் அரைத்த தேங்காயும் நெத்தோலியைச் சுற்றிக் கெட்டியாக நின்றன. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் மூன்று வகைப் புளிப்பு. இத்தனை வருஷம் இதே ஊரில் சாப்பிட்டும் நான் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஜூனில் ஒரு அடி வாங்கினோம். பெரிய கடை ஒன்றில் நெய்மீன் கறி கேட்டோம். மீன் பஞ்சுபோல் உதிர்ந்தது, ஐஸ் வாடையும் இருந்தது. இரண்டு பேருக்கு மறுநாள் வயிறு சரியில்லை. தப்பு எங்களிடமும் இருந்தது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் வள்ளங்களில் போய்ப் பிடித்து வரும் சாளை (மத்தி), நெத்தோலி மாதிரி மீனைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஜூலையில் அப்படியே செய்தோம். தக்கலைக்கு அருகில் ஒரு அக்கா நடத்தும் கடையில் சாளைத் தீயல், தேங்காயை வறுத்து அரைத்து வைக்கும் புளிக்கறி. ஒன்பதில் எனக்கு முதலிடம் அதற்குத்தான்.

அந்தக் கறியின் நிறம் கருப்பட்டி நிறம். எப்படி என்று கேட்டேன். "தேங்காய வறுக்கும்போ கை எடுக்கப்பிடாது மக்ளே. செவந்து, எண்ணெய் கக்கும், அப்போ மல்லியும் வத்தலும் போடணும். கொஞ்சம் பிந்தினா கசந்துரும்" என்றார். அடுப்பு பக்கத்திலேயே நிற்கவிட்டார். அடுத்த வாரம் நண்பன் வீட்டில் மண்சட்டி வைத்து முயன்றோம். முதல் தடவை தேங்காய் கரிந்து கசந்துவிட்டது. இரண்டாம் தடவை தீயைக் குறைத்து, இருபது நிமிஷத்துக்கு மேல் கிண்டினோம். நிறம் வந்தது, அம்மியில் அரைத்தபோது மணமும் வந்தது. ஆனால் புளி மீனுக்குள் இறங்கவில்லை, மேலேயே நின்றது.

ஆகஸ்டில் மறுபடி போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். "வச்ச அன்னைக்கே தின்னா அப்படித்தான் இருக்கும். ராத்திரி வச்சு மூடிருங்க, விடிஞ்சு எடுங்க" என்றார்.

செப்டம்பரில் புதுக் கடை இல்லை, அந்த அக்கா கடைக்கே மூன்றாவது முறை போகிறோம். இந்த முறை ஞாயிறு காலை ஏழு மணிக்கு. சனிக்கிழமை வைக்கும் தீயலில் நாலு பேருக்கு எடுத்து மூடி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.