தகர டப்பாவும் கடிதக் கம்பியும்: ஏழு மாதம் தபால் தலைகளோடு

சித்திரையில், பேரளம் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார்கள். பரணை ஒழித்தபோது இரண்டு சாமான்கள் என் கைக்கு வந்தன. ஒன்று, மூடி துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. உள்ளே யாரோ கவரிலிருந்து கத்தரித்துப் போட்ட தபால் தலைகள். இன்னொன்று தாத்தாவின் கடிதக் கம்பி. கீழே ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி, நடுவில் வந்த கடிதங்களையெல்லாம் குத்தி வைத்திருப்பார்களே, அது. தாத்தா நெல் வியாபாரம் பார்த்தவர். எந்தக் காகிதத்தையும் எறியமாட்டார்.

"அதெல்லாம் செல்லரிச்சுக் கிடக்குது, குப்பையில போடுடா" என்றார் அத்தை. நான் பையில் போட்டுக்கொண்டேன்.

டப்பாவில் எண்ணியது 412. எல்லாம் பழசு, அதனால் எல்லாம் பணம் என்றுதான் அன்று ராத்திரி நினைத்தேன். அந்த நினைப்பு எப்படிக் கரைந்தது என்பதுதான் இந்தக் கணக்கு.

முதல் வாரம் செய்தது ஊறவைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் தலை மேலே பார்க்கிற மாதிரி மிதக்கவிட்டால் கால் மணி நேரத்தில் பசை விட்டுவிடும். தலை தானாக நழுவி வரவேண்டும், உரிக்கக் கூடாது. வந்ததை முகம் கவிழ்த்துப் பழைய நாளிதழின் மேல் காயவைத்து, முக்கால்வாசி ஈரம் போனதும் கனமான புத்தகத்துக்கு நடுவில் வைத்துவிட்டால் சுருளாது. கலர்க் காகிதத்தில் ஒட்டியதைத் தனிக் கிண்ணத்தில் போடவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஆறு தலைகளை ரோஸ் நிறமாக்கினேன்.

டப்பா முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. கம்பியிலிருந்த கவர்களில் ஒன்பதை எடுத்து, தலை ஒட்டிய மூலையை வெட்டி அவற்றையும் ஊறப்போட்டேன். தாத்தாவின் தம்பி பினாங்கில் கடையில் கணக்கெழுதியவர். அவர் போட்ட கடிதங்கள் அவை, கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவை. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு சேர்ந்திருந்த பிரிட்டிஷ் காலனியின் பெயர்) என்று அச்சிட்ட ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் பளிச்சென்று வந்தன. எனக்கு ஒரே பெருமை.

பெருமை பத்து நாள் நீடித்தது. நாகையில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நாற்பது வருடமாகச் சேர்ப்பவர். என் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "தம்பி, இதெல்லாம் எந்தக் கவர்ல இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் பினாங்கு முத்திரை பாதி தலையிலும் பாதி கவரிலுமாக விழுந்திருந்தது. பின்பக்கம் 'நெகபடாம்' என்று பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில், கடிதம் வந்து சேர்ந்த தேதியோடு இன்னொரு முத்திரை. கடிதம் எங்கே கிளம்பியது, எத்தனை நாள் கடலில் இருந்தது, எங்கே இறங்கியது எல்லாம் அந்த ஒரு கவரிலேயே இருந்தது. "தலை மட்டும்னா கடைக்காரன் கூடையில ஆயிரம் இருக்கு. கவரோட இருந்தாத்தான் அதுக்கு ஊர் பேரு உண்டு" என்றார். என் ஒன்பது கவர்களில் மிச்சமிருந்தவை மூலை வெட்டிய காகிதங்கள். அன்று வீடு வரும்வரை பஸ்ஸில் அந்த வெட்டிய மூலைகள்தான் கண்ணில் நின்றன.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். பழசுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பது புரியவே இரண்டு மாதம் ஆயிற்று. எத்தனை அச்சடித்தார்கள், எத்தனை தப்பிப் பிழைத்தன, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள் உண்டு. வயது அதில் கடைசியில்தான் வரும். 1949 ஆகஸ்ட் 15 அன்று வந்த தொல்பொருள் வரிசையில் இரண்டணாத் தலையில் நடராஜர். என்னிடம் 37 இருந்தன. தஞ்சாவூர்க்காரனுக்கு நடராஜர் தலை என்றால் பூஜையில் வைக்கலாம் போலிருக்கும். ஆனால் வருடக்கணக்கில் தினசரிக் கடிதங்களுக்கு ஓடிய தலை அது. கடையில் அதற்குப் பெரிய விலை இல்லை.

அதே வரிசையில் ஓரணாத் தலையில் போதிசத்துவர். முதலில் வந்ததில் சிலையின் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. 1950 ஜூலையில் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தப்பாக அச்சானது என்றதும் லாட்டரி அடித்த மாதிரி குதித்தேன். தப்பானது கிட்டத்தட்ட ஒரு வருடம் நாடு முழுக்க விற்றிருக்கிறது என்று பெரியவர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு ஏமாற்றம் ஏழாம் எட்வர்ட் காலத்து ஓரணாத் தலைகள். 1906 முதல் அரையணா, ஓரணாத் தலைகளைத் தபாலுக்கும் ரெவின்யூவுக்கும் (அரசு வரிக்கும்) சேர்த்தே அச்சடித்தார்கள். அந்தக் காலத்தில் இருபது ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஓரணாத் தலை ஒட்டவேண்டும். எங்கள் பக்கத்துக் குத்தகை ரசீதுகளில் அதை ஒட்டி, அதன் மேலேயே மைப்பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டப்பாவிலிருந்த பதினான்கும் அப்படித்தான். தபால் முத்திரை இல்லாமல் பேனாக் கோடு விழுந்த தலையைத் தபால் தலை சேர்ப்பவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒன்றில் 'வேங்கட' வரை படிக்க முடிகிறது. அதை மட்டும் விற்பதாக இல்லை, விலை இல்லை என்பது வேறு விஷயம்.

ஆடியில் வாட்டர்மார்க், அதாவது காகிதத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் அடையாளம், பார்க்கக் கற்றுக்கொண்டேன். இதுவரை செய்ததில் மிகவும் பிடித்த வேலை இதுதான். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது இந்திய வரைபடம் போட்ட வரிசை ஒன்று வந்தது. முதலில் நட்சத்திர வாட்டர்மார்க் காகிதத்தில் அச்சடித்தார்கள், பிறகு அசோகத் தூண் வாட்டர்மார்க்குக்கு மாறினார்கள். முன்பக்கம் இரண்டும் ஒன்றுதான், கேட்டலாகில் (தலைகளை விலையோடு பட்டியல் போட்ட புத்தகம்) தனித்தனி எண். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்வீட் டப்பாவின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியில் தலையை முகம் கவிழ்த்துப் போட்டு லைட்டர் பெட்ரோல் இரண்டு சொட்டு விட்டேன். காகிதம் கறுத்தது, அதற்குள் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் இருட்டாக எழுந்து வந்தன. பத்து விநாடி இருக்கும். பெட்ரோல் ஆவியானதும் மறைந்துவிட்டன. தலைக்கு ஒரு சேதமும் இல்லை. அம்மா மட்டும் "அடுப்பு எரியுற வீட்டுல என்னடா இது நாத்தம்" என்று திண்ணைக்கு விரட்டினார். அவர் சொன்னதுதான் சரி, இதைக் காற்றாட வெளியில்தான் செய்யவேண்டும்.

தலையின் ஓரத்துப் பல்லை எண்ணுவதும் அப்படித்தான், ஒரே மாதிரித் தெரியும் தலைகளைப் பிரித்துக் காட்டும். இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை ஓட்டை என்பதுதான் கணக்கு. அதற்கான அளவு அட்டை ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொண்டேன், ஸ்கேலை வைத்து எண்ணினால் கண் வலிக்கிறது.

1971 கடைசியில் வங்கதேச அகதிகள் நிவாரணத்துக்கென்று எல்லாக் கடிதத்திலும் ஐந்து பைசாத் தலை ஒன்று கூடுதலாக ஒட்டவேண்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே எழுத்தை அச்சடித்து விட்டார்கள். நாசிக் அரசு அச்சகத்தில் அச்சடித்தது போதாமல் அங்கங்கே உள்ளூரிலேயே அச்சடித்ததும் உண்டு, அந்த உள்ளூர் ரகங்களுக்குத்தான் மவுசு. என்னிடம் இருந்த பதினொன்றும் நாசிக்.

இனி கம்பி. மூலை வெட்டாமல் தப்பிய கவர்களை ஆவணியில்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை, சிலவற்றில் துருக்கறை. அடியிலிருந்து மூன்றாவது கவரில் பிரம்மா படம் போட்ட தலை. காரைக்கால் மண்டியிலிருந்து தாத்தாவின் அப்பாவுக்கு வந்தது. பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் பதினைந்து மைல்தான், ஆனால் காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கையில். பக்கத்து ஊர் நெல் விலை வெளிநாட்டுத் தபாலில் வந்திருக்கிறது. தலையில் விலை காஷ் கணக்கில். 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். நம் காசும் பணமும்தான் பிரெஞ்சு உச்சரிப்பில் போய் உட்கார்ந்திருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்தும் இப்படி டேனிஷ் தலை கிடைக்காதா என்று ஆசை வந்தது. டேனிஷ்காரர்கள் 1845 இலேயே ஊரை விற்றுவிட்டார்கள், டென்மார்க்கில் முதல் தபால் தலை வந்ததே 1851 இல்.

இந்தக் கவரையும் டப்பாவையும் திருச்சிக்கு எடுத்துப்போய் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். டப்பா மொத்தமும் சேர்த்து 900 ரூபாய். காரைக்கால் கவர் மட்டும், ஓட்டை இருந்தும், 1,500. கேட்டலாக் விலையைக் காட்டிப் பேரம் பேசிப் பார்த்தேன். சிரித்தார். கேட்டலாகில் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை தலையின் விலை இல்லையாம், ஒரு தலையைத் தேடி எடுத்து உறையில் போட்டுக் கொடுக்கிற கூலியாம். கோபம் வந்தாலும் நியாயம்தான் என்று பட்டது. கவரைக் கொடுக்கவில்லை. டப்பாவிலிருந்து நடராஜர் முப்பதைக் கொடுத்து, 1961 தியாகராஜரையும் 1962 ராமானுஜனையும் வாங்கிக்கொண்டேன். இரண்டும் பதினைந்து நயா பைசாத் தலைகள். இனி டெல்டாக்காரர்களை மட்டும் தேடுவது என்று இப்போதைக்கு முடிவு. தீட்சிதர், சியாமா சாஸ்திரி, தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுத் தலை, பெரிய கோயில் ஆயிரமாண்டுத் தலை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். இவையெல்லாம் அதிக விலை இல்லை.

இப்போது ஐப்பசி அடைமழை. ஆல்பத்தைப் படுக்கவைத்தால் ஈரத்தில் பசை ஒட்டிக்கொள்கிறது. நிமிர்த்தி வைத்து, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பயன்படுத்தாத நான்கு தலைகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. வெட்டிய பினாங்குக் கவர்களின் மிச்சத்தை எறியவில்லை. அதில் ஐந்தின் பின்பக்கத்தில் நாகப்பட்டினம் முத்திரை முழுசாக இருக்கிறது. கழற்றிய தலையிலுள்ள முத்திரைத் துண்டை லென்ஸில் பார்த்து, எது எந்தக் கவருடையது என்று ஜோடி சேர்க்கிறேன். இதுவரை இரண்டு பொருந்தியிருக்கின்றன.