36 தடவை சொல்ல வேண்டிய சொல்

மொழி வளர்ச்சிக் குறைபாடு (வேறு வெளிப்படையான காரணம் இல்லாமலே பேசுவதும் புரிந்துகொள்வதும் பின்தங்குவது) உள்ள நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்கும்போது முதல் சறுக்கல் எண்ணிக்கையில்தான் வரும். வாரத்துக்கு இருபது சொல் என்று பட்டியல் போட்டால் ஒன்றுகூட ஒட்டாது. நாங்கள் ஒரு சுற்றுக்கு ஆறு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அதிலும் குறைந்தது மூன்று வினைச்சொல். பெயர்ச்சொற்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், பிள்ளை பொருளைக் காட்டிப் பெயர் சொல்லும், வாக்கியம் வராது.

அதற்கும் முன்னால் காது. செவித்திறன் சோதனை முடியாமல் எதையும் தொடங்குவதில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குச் சொல்லின் பாதி காதிலேயே விழாது. அதைக் கவனிக்காமல் பயிற்சியை நீட்டினால் மாதங்கள் வீணாகும்.

இந்தக் குறைபாடு அபூர்வமானது இல்லை. பள்ளி சேரும் வயதில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பெரிய சிக்கல் சொல்லின் ஒலி வடிவத்தைப் பிடிப்பது. பொருள் அரைகுறையாகப் புரிந்திருக்கும், சொல்லின் உருவம் மனதில் பதிந்திருக்காது. மற்றப் பிள்ளைகள் சில தடவை கேட்டே பிடித்துக்கொள்ளும் சொல்லை இவர்கள் அதைவிடப் பல மடங்கு கேட்டாக வேண்டும். மொழி ஆய்வாளர் ஹாலி ஸ்டோர்கெல் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கதைப் புத்தகம் வாசித்துச் சொல் கற்பிக்கும் முறையில் ஒரு சொல்லை எத்தனை தடவை கேட்க வைப்பது என்று 12, 24, 36, 48 ஆகிய நான்கு அளவுகளைச் சோதித்தது. போதுமான அளவாக அது கண்டது 36. நாங்கள் அதை ஓர் அமர்வுக்கு 6 தடவை, 6 அமர்வு என்று பிரித்துக்கொள்கிறோம். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எண்ணாதவர்கள் பத்து தடவை சொன்னதாக நினைத்துக்கொண்டு நான்கு தடவைதான் சொல்லியிருப்பார்கள்.

‘பிழி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துணி, ஒரு ஸ்பாஞ்ச், ஒரு காலுறை. “பாரு, துணியப் பிழியறேன். தண்ணி வருது. இப்ப ஸ்பாஞ்ச். பிழி!” கை பிழிந்துகொண்டிருக்கும் அதே நொடியில் சொல் வர வேண்டும், வேலை முடிந்த பிறகு வந்தால் பிள்ளை அதைச் சொட்டும் தண்ணீரோடு சேர்த்துவிடும். ஒரே துணியை வைத்து ஆறு தடவையும் காட்டினால் ‘பிழி’ என்பது அந்தத் துணியின் பெயராகிவிடும். மூன்று பொருள் எதற்கு என்றால் இதற்குத்தான். படஅட்டையை மட்டும் வைத்துக் கற்பிப்பதிலும் இதே கோளாறு.

இன்னொரு பள்ளம்: ‘பிழி’ என்றதும் பிள்ளை துணியை எட்டிப் பிடிக்கும். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தோன்றும். உண்மையில் அதன் காதில் விழுந்தது ‘பிடி’. ஒலியில் நெருங்கிய இரண்டு சொற்களை ஒரே சுற்றில் வைக்கக் கூடாது.

நம் மொழியின் தொல்லை ஒன்றும் உண்டு. ‘மரம்’ என்று கற்பித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் ‘மரத்துல’ என்போம். நமக்கு அது ஒரே சொல், இந்தப் பிள்ளைக்கு இரண்டு. முதல் இரண்டு அமர்வில் ‘மரம்’ என்றே வரும்படி வாக்கியத்தை அமைத்து, பிறகு ‘மரத்த’, ‘மரத்துல’ என்று சேர்க்கிறோம். கதைப் புத்தகத்தில் ‘பறக்கிறது’ என்று இருந்தாலும் ‘பறக்குது’ என்றே வாசியுங்கள். எழுத்துத் தமிழ் இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

கேட்க வைப்பது பாதி வேலை. நினைவிலிருந்து எடுக்க வைப்பது மறுபாதி. இன்னொரு மொழி ஆய்வாளரான லாரன்ஸ் லெனார்டு குழுவின் 2019 ஆய்வுகளில், வெறுமனே காதில் விழுந்த சொற்களைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பிள்ளையையே சொல்லச் சொன்ன சொற்கள் ஒரு வாரம் கழித்தும் நன்றாக நின்றன. சொல்லைக் காட்டியதும் அது என்ன என்று பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். பிறகு வேறு மூன்று சொற்கள் போன பின் மறுபடி. கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்; மூன்றாவது நொடியிலேயே பதிலைச் சொல்லிவிடுவோம். வரவில்லையென்றால் “தண்ணி வெளிய வர என்ன செஞ்சோம்?” என்று சொல்லின் அர்த்தத்தை வைத்துத் துப்புக் கொடுங்கள், அடுத்து “பிழியணுமா, துடைக்கணுமா?”, கடைசியில் சொல்லையே கொடுத்துவிடுங்கள். ‘பியி’ என்று வந்தால் அதுவும் சரிதான். ழகரம் வேறொரு நாள் வேலை. நினைவிலிருந்து எடுக்க வைக்க வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க “இது என்ன, அது என்ன” என்று துளைப்பது பயிற்சி ஆகாது. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

சோதனைக்குப் புதிய பொருள், புதிய படம். நான்கு படத்தில் ஒன்றைத் தொடச் சொன்னால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குருட்டாம்போக்கில் சரியாகிவிடுவதற்கே இருக்கிறது. அதனால் வேறொரு நாளில், படங்களை இடம் மாற்றி வைத்து, இன்னொரு தடவை கேட்கிறோம். தொட்டுக் காட்டுவது வேறு, வாயால் சொல்வது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் அந்தச் சொல்லைத் தொடாமல் விட்டுப் பார்த்தால் சில சொற்கள் காணாமல் போயிருக்கும். அவற்றை அடுத்த சுற்றின் ஆறில் சேர்த்துவிடுகிறோம். அந்த அளவுக்குப் புதுச் சொல் குறையும்.