பெட் ஸ்கேனில் நொதியை அளக்கிறோமா, இரத்த ஓட்டத்தையா?

மூளையில் டோபமின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் மாவோ-பி என்னும் நொதி எவ்வளவு இருக்கிறது என்று உயிரோடிருக்கும் மனிதரிடம் அளந்தறிய, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் டெப்ரெனில் மருந்தில் கதிரியக்கமுள்ள கார்பன்-11 அணுவைச் சேர்த்து, சிரை வழியே செலுத்தி, அந்தக் கதிரியக்கத்தைப் பெட் ஸ்கேனில் படமெடுக்கிறார்கள். அந்த மருந்து நொதியோடு பிணைந்தால் பிறகு பிரிவதில்லை. ஆகவே எங்கே கதிரியக்கம் தேங்குகிறதோ அங்கே நொதி மிகுதி என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணம் எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பது, கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மருந்து இரத்தத்திலிருந்து திசுவுக்குள் வரும் வேகம் கே1, திரும்பிப் போகும் வேகம் கே2, நொதியிடம் சிக்கும் வேகம் கே3. உள்ளே வந்ததில் சிக்கிக்கொள்ளும் பங்கு, கே3-ஐ கே2, கே3 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும். உதாரணத்துக்கு, கே3 என்பது கே2-ஐப் போல் 9 மடங்கு என்று கொள்வோம், பங்கு 0.90. நொதி 40 சதவீதம் குறைந்தாலும் அது 0.84-க்குத்தான் இறங்கும். வந்ததையெல்லாம் திசு பிடித்துவைத்துக்கொள்வதால், படத்தில் தெரிவது பெரும்பாலும் இரத்த ஓட்டமே. கே3 என்பது கே2-இல் மூன்றில் ஒரு பங்காக இருந்தாலோ, அதே 40 சதவீதக் குறைவு 0.25-ஐ 0.17 ஆக்கிவிடும், மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

நியூயார்க்கின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஜோவன்னா ஃபௌலர் குழுவினர் இதற்குக் கண்ட தீர்வு, சமன்பாட்டை விட்டுவிட்டு மூலக்கூறிலேயே கைவைத்ததுதான். நொதி அறுக்க வேண்டிய பிணைப்பில் இருந்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக, ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தார்கள். அப்பிணைப்பு அறுபடுவது தாமதமாவதால் கே3 குறைகிறது. கே1, கே2 அப்படியே நிற்கின்றன. கணித மாதிரியைத் திருத்த வேதியியலை நாடிய இந்தச் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். புகைபிடிப்பவர்களின் மூளையில் மாவோ-பி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதாக 1996-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, இந்த டியூட்டீரியம் சேர்த்த மருந்தைக் கொண்டு பெறப்பட்டதே.

அவர்கள் கே3-ஐத் தனியே மதிப்பிடாமல், கே1-ஐ கே2-ஆல் வகுத்து வரும் லாம்டாவோடு பெருக்கியே பயன்படுத்தினார்கள். ஓட்டம் கூடினால் கே1, கே2 இரண்டும் சேர்ந்தே கூடுவதால், வகுத்தலில் ஓட்டத்தின் தாக்கம் நீங்கிவிடுகிறது. இதற்கும் விலை உண்டு: சிக்குவது குறையும்போது படத்தின் சமிக்ஞையும் குறைகிறது, நொதி குறைவான பகுதிகளில் இரைச்சல் மேலோங்குகிறது.

இன்னொரு சிக்கல் இரத்தத்தில் இருக்கிறது. மணிக்கட்டுத் தமனியிலிருந்து அடுத்தடுத்து இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, கல்லீரல் சிதைத்த பொருள்களின் பங்கைக் கழித்த பிறகே கணித மாதிரிக்கு வேண்டிய உள்ளீட்டு வளைவு, அதாவது இரத்தத்தில் சிதையாத மருந்து நேரத்தோடு எப்படி மாறுகிறது என்னும் கோடு, கிடைக்கும். கார்பன்-11-இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடமே என்பதால், கடைசியாக எடுக்கும் இரத்தத்தில் எண்ணுவதற்குக் கதிரியக்கம் அதிகம் மிஞ்சுவதில்லை.

நொதியோடு பிணைந்து பிரியும் எஸ்எல்25.1188 போன்ற பிற்காலத் தடங்காட்டிகளில் (இப்படிக் கதிரியக்கம் சேர்த்துச் செலுத்தும் பொருள்களில்), இரத்த ஓட்டம் நொதியின் அளவை மறைக்கும் தொல்லை பெரிதும் விலகுகிறது. ஆனால் மாவோ-பி அறவே இல்லாத, இரத்த அளவீட்டுக்குப் பதிலாக ஒப்பீட்டுக்கு உதவும் பகுதி மூளையில் எதுவும் இல்லாததால், மணிக்கட்டில் செருகும் ஊசியை அவற்றாலும் தவிர்க்க முடியவில்லை.