ஸ்விப்ட்டுக்கு டயர் மாத்துறப்ப சைஸ்ல விட்டுக்கொடுக்காதீங்க

எங்க வண்டி ஸ்விப்ட் வி.எக்ஸ்.ஐ., 2014 மாடல். முன்னாடி ரெண்டு டயரும் பட்டன் தேஞ்சு மொட்டையாகப் போற நிலைமை. டயர் காடிக்குள்ள அங்கங்க குறுக்கால சின்னதா ஒரு மேடு இருக்கும் பாருங்க, அது 1.6 மி.மீ. உசரம், மேல் ரப்பர் அதுக்குச் சமமா வந்துட்டா சட்டப்படியே அந்த டயர் ரோட்டுக்கு ஆகாது. பின்னாடி ரெண்டும் பார்க்க நல்லா இருந்தாலும் சைடுல பொடிப்பொடியா வெடிப்பு விட்டிருச்சு, சரி நாலையுமே மாத்திடலாம்னு மச்சானைக் கூட்டிக்கிட்டு சேலத்துல ஒரு டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்ததுமே "சார், இந்த 165 ஒல்லியா இருக்கும், 185/65 போட்டுருங்க, ரோட்டைப் பிடிச்சு நிக்கும், கையிலயே ஸ்டாக் இருக்கு"ன்னாரு. மச்சானும் "ஆமா மாமா, அகலமா போட்டா லுக்கே மாறிடும்"னு சேர்ந்துக்கிட்டான். வேணாம்னு சொல்லிட்டேன், ஏன்னு விவரமா எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்தப் பேச்சு எல்லா டயர் கடையிலயும் நடக்குது.

எங்க வண்டியில கம்பெனி போட்டது 165/80 ஆர்14. 165ங்கிறது டயரோட அகலம், மி.மீ.ல. 80ங்கிறது மி.மீ. கிடையாது, அந்த அகலத்துல 80 சதவீதம், அதாவது சைடு சுவரோட உசரம் 132 மி.மீ. ஆர்ங்கிறது ரேடியல்ங்கிற டயர் வகை, 14ங்கிறது ரிம்மோட விட்டம், இன்ச்ல. ரிம் 355.6 மி.மீ., மேல ஒரு 132 கீழ ஒரு 132, மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. இந்த 620தான் முக்கியம், மீட்டர், கியர், ஏபிஎஸ் (சடன் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிறது) இருந்தா அதுவும், எல்லாமே இந்த விட்டத்தை நம்பித்தான் வேலை செய்யுது.

இப்ப கடைக்காரர் சொன்ன 185/65 ஆர்14ஐ இதே மாதிரி போட்டுப் பாருங்க, 596 மி.மீ.தான் வருது. கிட்டத்தட்ட 4 சதவீதம் சின்ன சக்கரம். வண்டி 12 மி.மீ. கீழ இறங்கிடும், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அது சும்மா இல்ல. சைடு சுவரும் 120 ஆகிடும், பள்ளத்துல விழுந்தா ரிம் அடி வாங்கும். மீட்டர் 100 காட்டுறப்ப வண்டி நெசமா 96தான் போகும், ஓடோமீட்டர்ல கிலோமீட்டர் கூடுதலா ஏறும். "அகல டயர் போட்டும் மைலேஜ் குறையவே இல்லை"ன்னு சில பேர் அடிச்சுச் சொல்றதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது, 10,000 ஓடினா மீட்டர் 10,400 காட்டும், அதை வச்சுக் கணக்குப் போட்டா மைலேஜ் நல்லாத்தானே தெரியும்.

அகலமாத்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு, 185/70 ஆர்14 போடுங்க. விட்டம் 615 வருது, வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்ல. பழைய ஸ்விப்ட்டோட டாப் மாடல் இசட்.எக்ஸ்.ஐ.க்கு மாருதியே குடுத்த சைஸ் இது, நம்ம 5 இன்ச் அகல இரும்பு ரிம்லயும் தாராளமா உக்காரும். அடிக்கடி நாலஞ்சு பேரு, லக்கேஜோட ஹைவேல போறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், லோடு இண்டெக்ஸும் 85லேர்ந்து 88 ஆகுது, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்குறது 560 கிலோ தாங்கும். வளைவுல பிடிமானம் நல்லா இருக்கும், ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல திருப்புறப்பவே தெரியும். ஆனா ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், மழைத்தண்ணி தேங்கின ரோட்டுல வேகமா போனா அகல டயர்தான் சீக்கிரம் தண்ணி மேல மிதக்கும். இதை எந்தக் கடையிலயும் சொல்றதில்ல.

எங்க ஓட்டம் பெரும்பாலும் டவுனுக்குள்ள, லீவு நாள்ல ஊருக்கு, அதனால பழைய 165/80யே போதும்னு முடிவு பண்ணி ஆர்டர் குடுத்துட்டு வந்து, மறுவாரம் போய் மாட்டினேன். அகலத்துக்குப் போகாததால மிச்சமான காசுல அதே சைஸ்ல நல்ல டயரா பார்த்து எடுத்தாச்சு. மச்சானுக்கு இன்னும் வருத்தம்தான்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயர்லயும் சைடுல DOTன்னு (டாட்) இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்கிற வரியோட கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 2325ன்னு இருந்தா 2025ல 23வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். குனிஞ்சு நாலையும் பார்க்கணும், ஒண்ணைக் காட்டிட்டு மீதி மூணு பழைய ஸ்டாக்கா இருக்க வாய்ப்பிருக்கு. ரெண்டு டயர் மட்டும் மாத்துறவங்க புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க, கடையில முன்னாடிதான் போடுவாங்க, ஆனா ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும், சமாளிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

185/70 போடுறவங்க கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுங்களை உக்கார வச்சு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, உள்ள எங்கயாவது உரசுதான்னு காது குடுத்துக் கேளுங்க. ஸ்டெப்னி பழைய 165ஆவே இருந்தா பரவாயில்ல, பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போகலாம், ஆனா அதுல காத்து இருக்கான்னு அன்னைக்கே பார்த்துடுங்க.