காம்புல மட்டும் ஆறாத அரிப்பு

மார்புல அரிப்பு, தடிப்புன்னா எங்க பக்கத்துப் பொம்பளைங்க யாரும் டாக்டரைத் தேடிப் போறதில்ல. பாம்பன், மண்டபம்னு கடல்பாசி வளர்க்குற வேலைக்கு இறங்குறவங்களுக்கு வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நின்னு, 12க்கு 12 அடி மூங்கில் மிதவையில பாசிக் கயிறு கட்டுவோம். ஈரம் உடம்போடயே காயும். துணியில உப்புப் பூத்து நிக்கும். வேர்வையும் உப்பும் இறுக்கமான பாடியும் சேர்ந்தா மார்புக்கு அடி மடிப்பு சிவந்து நமநமன்னு அரிக்கும்.

அது எனக்குப் பழகுன அரிப்பு. ரெண்டு பக்கமும் வரும். நல்ல தண்ணியில கழுவி, மடிப்பை ஈரமில்லாம ஒத்தி எடுத்து, தளர்வா பருத்தித் துணி போட்டா அடங்கிரும். (குடம் தண்ணிக்குக் காசு குடுக்குற ஊர்ல இன்னொரு குளியல்னா என்னன்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியும்.)

போன வருஷம் வந்தது வேற மாதிரி. இடது பக்கம் மட்டும், அதுவும் காம்பு மேலயே. மொதல்ல லேசா தோல் உரிஞ்சுச்சு. அப்புறம் கசிஞ்சு பொருக்கு கட்டுச்சு. குளிக்கும்போது பொருக்கு பேந்து வரும், மறுநா மறுபடி கட்டும். பாடியைக் கழட்டினா உள்பக்கம் பொட்டு அகலத்துக்கு மஞ்சக்கறை. வலி கிடையாது, கட்டியும் கைக்குத் தட்டல.

எங்க மதினி பார்த்துட்டு, "அக்கி புள்ள இது. காவி எழுதிட்டு வா, போயிரும்"னுச்சு. அக்கிக் கொப்புளத்து மேல காவியைக் குழைச்சு எழுதுறது பழைய வழக்கம். எங்க வீட்டுக்காரர் மெடிக்கல்ல சொல்லி ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்தார். படை, சொறி எல்லாத்துக்கும் அந்த ஒரே ட்யூப்தான் குடுப்பாங்களாம். போட்டதும் அரிப்பு அமந்துச்சு, விட்டதும் திரும்ப வந்துச்சு.

சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். அவங்க முகம் மாறிருச்சு. "எத்தனை நாளா? ஒரு பக்கம் மட்டுமா?"ன்னு கேட்டுட்டு, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வான்னாங்க. 30 வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு அங்க மார்பு பரிசோதனை இருக்கு, காசு கிடையாதுன்னு அவங்க சொல்லித்தான் தெரியும்.

அங்க இருந்த டாக்டர் சின்னப் பையன். எனக்குக் கூச்சமாப் போச்சு. சிஸ்டரை உள்ள கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வச்சுட்டுத்தான் பார்த்தார். இதை எல்லாரும் கேட்டு வாங்கிக்கலாம், தப்பா நினைக்க மாட்டாங்க. பார்த்துட்டு ராம்நாடு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

ராம்நாட்டுல இருந்த டாக்டரம்மாவை நான் மறக்க மாட்டேன். அவசரமே படாம கேட்டாங்க. மொதல்ல எங்க ஆரம்பிச்சுச்சு, காம்புலயா, சுத்தியிருக்க கருவட்டத்துலயா? காம்பு உள்ள இழுத்திருக்கா? ரத்தம் கசிஞ்சுச்சா? என்ன தடவினே? ட்யூபைக் காட்டினேன். இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, படை மேல போட்டா படை இன்னும் பரவும், வேற ஏதாவது இருந்தா கொஞ்ச நாளைக்கு மறைச்சுரும்னாங்க. ரெண்டு மார்பையும் அக்குளையும் அழுத்திப் பார்த்தாங்க. கையைத் தூக்கச் சொல்லி, இடுப்புல வைக்கச் சொல்லியும் பார்த்தாங்க.

அப்புறம் விஷயத்தைச் சொன்னாங்க. எக்சிமாங்கிற சாதாரண தோல் அழற்சி பெரும்பாலும் கருவட்டத்துல ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் வரலாம். காம்புலயே ஆரம்பிச்சு வெளியே பரவுற, ஒரு பக்கமா மட்டும் இருக்கிற புண்ணுன்னா பேஜட் நோய்னு ஒண்ணு இருக்கு. அபூர்வம்தான், ஆனா அது புற்றுநோய். பார்க்க அச்சு அசலா எக்சிமா மாதிரியே இருக்கும். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, சதை எடுத்துப் பார்க்கணும். ரெண்டு, மூணு வாரத்துல ஆறாத காம்புப் புண்ணை யாரும் வச்சிருக்கக் கூடாதுன்னாங்க.

நான் விடல. அப்ப எதெதுக்கு ஓடி வரணும், எதெதுக்கு வீட்டுல பார்க்கலாம்னு கேட்டேன். மார்பு வேகமாச் சிவந்து, சூடா, வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோலாட்டம் குழி குழியா ஆனா, கட்டி இல்லைன்னாலும் உடனே வரணுமாம். அதைச் சீழ்க்கட்டுன்னு நினைச்சு மாத்திரை குடுத்தும் ஒரு வாரம், பத்து நாள்ல குறையலைன்னா திரும்ப வந்து நிக்கணும். பால் குடுக்கிற தாய்க்கு வலியும் காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தா ஒரு நாளுக்கு மேல பார்க்க வேணாம். அக்கிக்குக் கொப்புளம் கிளம்பின 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லா கேட்கும். காவி எழுதிட்டு உட்கார்ந்திருந்தா அந்த நேரம் போயிரும்னாங்க. மதினியை நினைச்சுக்கிட்டேன்.

மேமோகிராம்னு மார்புக்கு எடுக்குற எக்ஸ்ரேல அழுத்தும்போது வலிச்சுச்சு, சட்டுனு முடிஞ்சுச்சு. படம் நல்லா இருந்தாலும் சதை டெஸ்ட் எடுத்தே ஆகணும்னுட்டாங்க. மரத்துப்போற ஊசி போட்டாங்க. அந்த ஊசிதான் சுருக்குன்னு இருந்துச்சு. சின்னக் குழாய் மாதிரி ஒரு கத்தியைத் திருகி, மிளகு அளவுக்குத் தோலை எடுத்து மருந்து பாட்டில்ல போட்டாங்க. ஒரு தையல், மேல பிளாஸ்திரி. தையல் காயுற வரைக்கும் கடல்ல இறங்கக் கூடாது. கூலி போன கவலை எனக்கு டெஸ்டை விடப் பெருசா இருந்துச்சு, உண்மையைச் சொன்னா.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசல. பிள்ளைங்க மட்டும் வழக்கத்தை விட ஒழுங்கா இருந்துச்சுங்க.

எக்சிமான்னு வந்துச்சு. உப்பு ஊறுன துணி உரசினதும், சரியா அலசாத சோப்புத்தூளும் காரணமா இருக்கலாம்னாங்க. வேற களிம்பு எழுதிக் குடுத்து, எத்தனை நாள் போடணும்னு சீட்டுலயே குறிச்சுட்டாங்க. ஆறுச்சு. அதே இடத்துல மறுபடி வந்தா ரிப்போர்ட்டோட வரணும், மறுபடி சதை எடுத்துப் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. ஃபைலை ரேஷன் கார்டு கூட வச்சிருக்கேன்.

அப்புறம் மதினியும் மார்புக்கு அடியில மடிப்புல சிவந்து, ஓரத்துல சின்னச் சின்னப் பொட்டாப் பரவுதுன்னு காட்டுச்சு. காவி எழுத விடாம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். பூஞ்சைன்னாங்க. அடிக்கடி வருதான்னு கேட்டு ரத்தம் எடுத்தாங்க. அரிப்புக்குன்னு போனதுக்கு, களிம்போட சர்க்கரை மாத்திரையும் சேர்த்துக் குடுத்து அனுப்பினாங்க.