ஊர் பேரைச் சொன்னால் ஓட்டு தெரிந்துவிடுமாம்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் என்று சொன்னால் போதும், "அப்போ நீங்க அந்தக் கட்சிதானே?" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்சியைச் சாக்கிட்டுக் கேட்பது சாதியை. அதை மட்டும் நேரடியாகக் கேட்க மாட்டார்கள்.

தருமபுரி மக்களவைத் தொகுதியில் 2014இல் பாமக, 2019இலும் 2024இலும் திமுக. நடுவே 2021இல் மாவட்டத்தின் 5 சட்டமன்றத் தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்கு. இதில் ஊரை வைத்து யாரை எங்கே அடைப்பது?

எங்கள் வீட்டிலேயே பெரியப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. பொங்கலுக்கு ஒரே பந்திதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் யார் கொண்டுவந்தது என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது, பாயசம் ஆறிவிடும்.

சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட முதலில் வேட்டிக் கரையைத்தான் பார்க்கிறார்கள். மாமா அதனாலேயே கரையில்லாத வேட்டிக்கு மாறினார். அப்புறம் ஒருத்தர் கேட்டாராம்: "சுயேச்சைங்களா?"