கால்குலேட்டருக்குத் திசை தெரியாது

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு அவள் நோட்டில் ஒரு கணக்கு: 2 சைன் தீட்டா = -1. தீட்டா 0 பாகையிலிருந்து 360 பாகைக்குள் இருக்க வேண்டும். கால்குலேட்டரில் -0.5ஐ அழுத்தி, வந்த -30ஐ அப்படியே விடையாக எழுதி வைத்திருந்தாள்.

எனக்கு 24 வயதில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. நில அளவை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நின்ற புள்ளியிலிருந்து 40 மீட்டர் தெற்கிலும் 30 மீட்டர் மேற்கிலும் அமையும் இடத்தில் ஒரு முளை அடிக்க வேண்டும். கிழக்கு வேறுபாடு -30, வடக்கு வேறுபாடு -40. வகுத்தால் 0.75. டேன் மதிப்பு அதுவாக உள்ள கோணம் 36 பாகை 52 நிமிடம் என்றது கால்குலேட்டர். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை வடக்கிலிருந்து அந்தக் கோணத்துக்குத் திருப்பி, டேப்பில் 50 மீட்டர் அளந்து, முளையையும் அடித்துவிட்டோம். அது வடகிழக்கில் நின்றது. போக வேண்டிய இடமோ தென்மேற்கில், அங்கிருந்து 100 மீட்டர் தொலைவில். நான் திருப்பியிருக்க வேண்டிய கோணம் 216 பாகை 52 நிமிடம்.

வகுக்கும்போது இரண்டு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. கால்குலேட்டர் பார்த்தது 0.75 என்ற எண்ணை மட்டுமே. சைனுக்கும் டேனுக்கும் அது -90 முதல் 90 வரைதான் விடை சொல்லும். கொசைனுக்கு 0 முதல் 180 வரை. வட்டத்தின் மற்ற பாதியை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மகளிடம் கால்குலேட்டரை ஓரமாக வைக்கச் சொன்னேன். சைன் மதிப்பு எதிர்க்குறி. அப்படியானால் கோணம் வட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் (180 முதல் 270 வரை) அல்லது நான்காம் கால்பகுதியில் (270 முதல் 360 வரை) இருக்கிறது. குறியை நீக்கிய 0.5க்கு உரிய கோணம் 30. மூன்றாவதில் 180உடன் 30ஐக் கூட்டினால் 210. நான்காவதில் 360இலிருந்து கழித்தால் 330. வட்டம் வரைந்து காட்டியதும் அவளுக்குப் புரிந்தது. (நாங்கள் வடக்கிலிருந்து வலமாக அளப்போம், அவள் பாடத்தில் கிழக்கிலிருந்து இடமாக. படம் வரையாமல் பேசினால் இருவருக்குமே குழப்பம்தான்.)

அடுத்த கணக்கு இன்னும் நுட்பமானது: சைன் தீட்டா + கொசைன் தீட்டா = 1. இருபுறமும் வர்க்கப்படுத்தி, சைனையும் கொசைனையும் பெருக்கினால் பூச்சியம் என்று சரியாகவே வந்தாள். 0, 90, 180, 270 என நான்கு விடைகள். நான்கையும் வர்க்கப்படுத்துவதற்கு முன் இருந்த சமன்பாட்டில் போட்டுப் பார் என்றேன். வகுத்தபோது எனக்குத் தொலைந்த குறி, வர்க்கப்படுத்தியபோது அவளுக்குத் தொலைந்திருந்தது.

180இல் -1 வந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, -1ஐ வர்க்கப்படுத்தினாலும் 1தானே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் 270ஐயும் சேர்த்துக் கோடு போட்டு அடித்தாள்.